ரிட்டன் 24

வாயாடியின் அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது சாக்ஸ் கம்பெனியில் அவளோடு வேலை செய்யும் அத்தனை பெண்களுக்கும் தெரியும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை வந்த கோபம் மூக்கோடு நிற்கவில்லை, நேராக உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மத்தியானம் மூன்றரை மணி. மழலைப் பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டுக்கு வெளியே, காலையில் அவள் கொடுத்துவிட்டுப் போன வெள்ளைச் சாக்கு வெயிலில் கிடந்தது. அவள் போட்ட முடிச்சை யாரோ அவிழ்த்து, மறுபடி அரைகுறையாகக் கட்டியிருந்தார்கள். கேட்டுக்கு உள்ளே, புது மஞ்சள் கவுனில் அவள் மகள் நின்றுகொண்டு சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவளுக்கு ஐந்து வயது.

"இது ஏன் இங்க கெடக்கு?"

காலையில் சாக்கை வாங்கி வைத்த வாட்ச்மேன் வயதானவர். இவர் ஒன்பது மணிக்கு வந்த மாற்று ஆள், மீசைக்காரர். "ரிட்டன்மா. எடுத்துட்டுப் போக ஆள் வரும்னு வெளிய வச்சேன்" என்றார்.

"எது ரிட்டன்?"

"அந்தச் சாக்குதான்."

"சின்ன மிஸ்கிட்ட குடுங்கன்னு படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போனேனே அண்ணே! பொண்ணுக்குப் பொறந்த நாளு. புள்ளைங்களுக்குக் குடுக்கக் கொண்டு வந்தது. இப்ப வந்து ரிட்டனுங்கிறீங்க?"

"என்கிட்ட யாரும் சொல்லலையேம்மா. நான் வரும்போது..."

"சாக்கு சொல்லாதீங்க!" என்று கத்தினாள். சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னதில் சிரிப்பு வரவேண்டும். அவளுக்கு வரவில்லை, வாட்ச்மேனுக்குச் சிரிக்கத் தைரியம் இல்லை.

ஒரு சாக்குக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று யாருக்கும் தோன்றலாம். அதற்குள் என்ன இருந்தது என்று தெரிந்தால் தோன்றாது.

வீட்டில் அந்தக் குழந்தைக்குப் பெயரே வாயாடிதான். கண் விழித்ததிலிருந்து தொணதொணவென்று பேசும். பல் தேய்க்கும்போதுகூட நுரையோடு பேசும். லாரி ஓட்டுகிற அப்பா வெளியூரிலிருந்து போன் பண்ணினால், "அவகிட்ட குடுக்காதே, சார்ஜ் தீந்துடும்" என்பார். ஆனால் பள்ளிக்கூடத்து வாசலில் கால் வைத்தால் போதும், வாயில் பூட்டு விழுந்துவிடும். சேர்ந்து எட்டு மாதமாகிறது, வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏன் என்று கேட்டால் அதற்கு மட்டும் வீட்டிலும் பதில் வராது.

போன மாதம் பெரிய மிஸ் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளிக்கூடம் அவருடையது. கழுத்தில் மணிச்சங்கிலி கோத்த கண்ணாடி, மடிப்புக் கலையாத சேலை. நாற்காலியில் உட்காரச் சொல்லாமலே பேசினார். "ஏம்மா, நாங்களும் பொறுத்துப் பாத்துட்டோம். வர்ற மாசக் கடைசிக்குள்ள இவ வகுப்புல வாயத் தொறக்கலன்னா மேல் வகுப்புக்கு எடுக்க மாட்டோம். இந்த மாதிரிக் கொழந்தைங்களுக்குன்னு வேற இடம் இருக்கு, பாத்துக்குங்க."

அந்த 'இந்த மாதிரி' நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அன்றைக்கு அவள் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்காகத் தன்னையே நாலு நாள் திட்டிக்கொண்டாள்.

வழி கிடைத்தது கம்பெனியில்தான். அவளுக்கு அங்கே ஜோடி போடுகிற வேலை. அச்சில் மாட்டி ஆவி பிடித்து வருகிற சாக்ஸ்களை எடுத்து, நீளம் பார்த்து, நிறம் பார்த்து, இரண்டிரண்டாகச் சேர்க்க வேண்டும். எதோடும் சேராமல் நிற்பதற்கு ஒத்தை என்று பெயர். புத்தம் புதுசாக இருந்தாலும் ஒத்தை ஒத்தைதான், கழிவுப் பெட்டிக்குத்தான் போகும். சூப்பர்வைசரிடம் சீட்டு வாங்கினால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஒருநாள் துடைக்கிற துணிக்கு ஆகுமே என்று நாலைந்தை எடுத்து வந்தாள். வாயாடி அதில் ஒன்றைக் கையில் மாட்டி, நாலு விரலை மேலேயும் கட்டை விரலைக் கீழேயும் வைத்து வாய் ஆக்கிக்கொண்டாள். அந்தச் சாக்ஸ் பேச ஆரம்பித்தது. எதைப் பற்றி? இத்தனை நாள் வாயே திறக்காத விஷயத்தைப் பற்றி. பள்ளிக்கூடத்தைப் பற்றி!

"எங்க கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான். அவனுக்குப் பல்லு ஆடுது. நாக்கால தள்ளிக்கிட்டே இருப்பான்" என்றது சாக்ஸ். "இன்னொருத்தி எதைத் தொட்டாலும் 'எனக்குத்தான்'னுவா. ஒருத்தனுக்கு ஷூ நாடா அவுந்தா அழுகை வந்துடும். மிஸ் பாக்கிறதுக்கு முன்னாடி நான் போய்க் கட்டிவிட்டுருவேன்."

அம்மா அரிவாள்மணையை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் குழந்தைக்கா பேச்சு வரவில்லை என்கிறார்கள்? ஒரு வகுப்பையே உள்ளங்கையில் வைத்திருக்கிறதே!

மறுநாளே சின்ன மிஸ்ஸைக் கேட்டில் பிடித்துக் கேட்டாள். சின்ன மிஸ் வகுப்பு ஆசிரியை, வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை வாயாடிக்குப் பிறந்த நாள். அன்றைக்கு ரிட்டன் கிஃப்டாக எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு சாக்ஸ் பொம்மை கொண்டு வருகிறேன், விளையாட்டு நேரத்தில் அதை மாட்டிக்கொண்டு பேசவிடுங்கள், எல்லார் கையிலும் சாக்ஸ் இருந்தால் இவள் கையிலிருப்பதும் பேசும் என்றாள். சின்ன மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. "நல்லா இருக்கே! அரை மணி நேரம் ஒதுக்கிடறேன்" என்றார்.

கடையில் வாங்கிக் கொடுக்க வக்கில்லை என்பதும் உண்மைதான். அதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் எந்தக் கடையில் கிடைக்கும் இது? பதினோரு நாள், வேலை முடிந்து வந்து சமையலை முடித்த கையோடு அம்மாவும் மகளும் உட்கார்ந்தார்கள். ஒத்தைகளை இரண்டு தண்ணீரில் அலசிக் காயப்போட்டார்கள். கண்ணுக்குப் பொத்தான், பக்கத்து மேசைக்காரி அக்கா ஒரு டப்பா நிறையக் கொடுத்தாள். வாய்க்குள் மடித்து ஒட்டப் பழைய அட்டைப்பெட்டி. நாக்குக்குக் கிழிந்த சிவப்புச் சட்டை. முடிக்குக் கம்பளி நூல். காதுக்கு, வெட்டிப்போட்ட குதிகால் துண்டு.

எல்லாம் வாயாடி சொல்லச் சொல்ல அம்மா தைத்ததுதான். பல் ஆடுகிறவனுக்கு ஒரு வெள்ளைப் பொத்தானைத் தொளதொளவென்று தொங்கவிட்டார்கள். 'எனக்குத்தான்'காரிக்கு வாய் ஒரு சாண். நாடா அவிழ்ந்தால் அழுகிறவனுக்குக் கழுத்தில் இரட்டை முடிச்சு, அவிழவே அவிழாது. தும்மிக்கொண்டே இருப்பவளுக்குச் சட்டையில் ஒரு குட்டிக் கைக்குட்டை. வாயாடி தனக்கென்று கேட்டது, வயிறு வரைக்கும் தொங்குகிற நாக்கு. பிள்ளைகள் இருபத்திரண்டு, சின்ன மிஸ்ஸுக்கு ஒன்று, பெரிய மிஸ்ஸுக்கு ஒன்று. மொத்தம் இருபத்து நாலு.

பெரிய மிஸ்ஸுக்குச் செய்வதில் அம்மாவுக்கு இஷ்டமில்லை. வாயாடிதான் பிடிவாதம் பிடித்தாள். மணி கோத்த கண்ணாடி, சேலைக்குக் கரை, எல்லாம் ஆனது. அம்மா காதுத் துண்டை எடுத்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

"அதுக்குக் காது வேணாம்."

"ஏன்டி?"

"அதுக்குக் கெடையாது."

தூக்கம் வந்துவிட்டது, அதுதான் முரண்டு என்று அம்மா நினைத்துக்கொண்டாள். மேற்கொண்டு கேட்கவில்லை.

அப்பேர்ப்பட்ட சாக்குத்தான் இப்போது வெயிலில் கிடக்கிறது. மாதத்தின் கடைசி வெள்ளி முடிந்துபோனது. எட்டு மாதத்தில் கிடைத்த ஒரே அரை மணி நேரம், போச்சு!

"எவன் சொன்னான் உங்களுக்கு இது ரிட்டன்னு?" என்று வாட்ச்மேனிடம் பாய்ந்தாள். "எந்த மகராசன் சொன்னான்? அவன் பேரச் சொல்லுங்க!"

மீசைக்காரர் குனிந்து, சாக்கைத் திருப்பி வைத்தார்.

சாக்கின் மறுபக்கத்தில், கறுப்பு மார்க்கரில், ஒரு முழ உயரத்துக்கு எழுதியிருந்தது: ரிட்டன் 24.

அவள் கையெழுத்து. அவளே எழுதியது. கம்பெனியில் கடைகளிலிருந்து பழுதென்று திரும்பி வருகிற சரக்கைச் சாக்கில் கட்டி, மேலே 'ரிட்டன்' என்று போட்டு எண்ணிக்கையை எழுதுவது செவ்வாய்க்கிழமைதோறும் அவள் வேலை. நாலு வருஷமாகச் சாக்கைப் பார்த்தால் கை தானாக எழுதும். காலை அவசரத்தில் ரிட்டன் கிஃப்ட் என்று எழுத நினைத்த கை, ரிட்டன் என்றதும் பழக்கப்படி நின்றுவிட்டது. கிஃப்ட் மனசுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அவளுக்குத் தன் கையைத் தானே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஊரையெல்லாம் திட்டிய வாய்க்கு இப்போது திட்ட வேறு ஆளில்லை. "எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்று முணுமுணுத்தாள். "மன்னிச்சுக்குங்கண்ணே."

அவர் நல்ல மனுஷன். அவள் கண் கலங்கியதைப் பார்த்து ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "நானா முடிவு பண்ணலம்மா. ஆபீஸ்ல கொண்டுபோய்க் கேட்டேன். பெரிய மிஸ்ஸே கட்டவுத்துப் பாத்தாங்க. உள்ள பொம்மை இருக்குன்னு சொன்னேன், பொறந்த நாளுக்கா இருக்கும்னும் சொன்னேன். 'யாரோட காலுல கெடந்த சாக்ஸோ, அதான் ரிட்டன்னு எழுதியிருக்குல்ல, வெளிய வை'ன்னுட்டாங்க."

அழுகை அந்த நிமிஷமே வற்றிப்போனது. தெரியாமல் வைத்தால் ஒன்று, தெரிந்தே வைப்பது வேறு. காலுல கெடந்த சாக்ஸாமே! எந்தக் காலையும் பார்க்காத சாக்ஸ் அது. சாக்கைத் தூக்கித் தோளில் போட்டாள். ஒரு கையில் மகளைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள போகக் கூடாதும்மா" என்ற குரல் அவள் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ கேட்டது.

நடையில் பெஞ்சு போட்டு, கூட்டிப்போக ஆள் வராத பிள்ளைகள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காவலுக்கு நின்ற சின்ன மிஸ் இவளைப் பார்த்ததும் ஓடி வந்தார். "என்னக்கா, கொண்டு வரவே இல்லையே? நாங்க விளையாட்டு நேரம் பூராவும் காத்திருந்தோமே! பாப்பாவக் கேட்டா வாசப்பக்கமே கையக் காட்டினா. பாத்ரூம் போகணுமாக்கும்னு மூணு தடவ கூட்டிட்டுப் போனேன்."

மூன்று தடவை! சாக்கு வெளியே கிடப்பது குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. சொல்ல வாய் வரவில்லை. தன் பிறந்த நாளைக் கையால் காட்டிக் காட்டி, மூன்று தடவை பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்திருக்கிறது. அம்மா திறந்திருந்த ஆபீஸ் அறைக்குள் போய், பெரிய மிஸ்ஸின் மேசைமேல் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

பேனா ஸ்டாண்டு சாய்ந்தது. பெரிய மிஸ் எழுந்துவிட்டார். "என்னம்மா இது? ஆபீஸா, வேற எதுவுமா? மொதல்ல அள்ளுங்க!"

"அள்ளுறேன் மேடம். எது கால்ல கெடந்ததுன்னு ஒண்ணே ஒண்ணு எடுத்துக் காட்டுங்க. மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிடறேன்."

"சுத்தம் சுகாதாரம்னு ஒண்ணு இருக்கு. சின்னக் கொழந்தைங்க கையில..."

"கம்பெனியில ஜோடி சேராத புது சாக்ஸ் மேடம் இது. ரெண்டு தண்ணியில அலசினது. ஒங்களுக்குத் தெரியாது, சரி. தெரியலன்னா கேக்கலாம்ல? ரிட்டன்னு எழுதினது என் தப்பு, நூறு தடவ தப்பு. ஆனா பொம்மைன்னு தெரிஞ்சும், பொறந்த நாளுன்னு தெரிஞ்சும் வெயில்ல வச்சது யாரு தப்பு? எம்பொண்ணுக்கு நீங்க குடுத்த கெடு இன்னிக்கோட முடியுது. அதுக்கு நான் செஞ்ச ஏற்பாடு மேடம் இது. அதத் தூக்கி வெளிய வச்சுட்டு, அவ பேசலங்கிறீங்க!"

"சத்தம் போடாதீங்க. பேசாத கொழந்த பேசலன்னுதான் சொல்ல முடியும்."

இதற்குள் சின்ன மிஸ் மேசையருகே வந்து ஒரு பொம்மையைக் கையில் எடுத்திருந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். "இது... நம்ம பல்லு ஆடுறவன்தானே? இது தும்மல்! ஐயோ, இது 'எனக்குத்தான்'!" என்று சிரிக்க ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். "ஒங்களுக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

"நான் எங்க வந்தேன் உங்க கிளாசுக்கு? கேட்டத் தாண்டவிடுறீங்களா? எல்லாம் அந்தப் பேசாத கொழந்த சொன்னதுதான்."

நடையிலிருந்த ஏழு பேரும் வாசலில் வந்து அப்பிக்கொண்டு நின்றார்கள். சின்ன மிஸ் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவரவர் பொம்மையை அவரவர் கையில் மாட்டிவிட்டார். 'எனக்குத்தான்' வழக்கம்போல் "எனக்குத்தான்" என்றது, இந்தத் தடவை அது நிஜம். பல் ஆடுகிறவன் தொங்குகிற பொத்தானை விரலால் ஆட்டிப் பார்த்தான். முகமெல்லாம் வாயாகச் சிரித்தான்.

"எம்பல்லு! யாரு சொன்னது எம்பல்லு ஆடுதுன்னு?"

மஞ்சள் கவுன் மேசைக்கு அருகே வந்து, நீள நாக்குப் பொம்மையைத் தேடி எடுத்து, கையை நுழைத்தது. பொம்மையின் வாய் ஒரு தடவை வெறுமனே திறந்து மூடியது. 

"நான்தான் சொன்னேன்" என்றது பொம்மை. சன்னமான குரல். ஆனால் தெளிவாக இருந்தது. "நீ நாக்கால தள்ளிக்கிட்டே இருப்ப. அப்பறம் ரத்தம் வரும்."

"வராது!"

"வரும். நேத்து வந்துச்சு. நீ சட்டையில தொடச்ச."

சின்ன மிஸ் அப்படியே தரையில் மண்டியிட்டுவிட்டார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. "பேசிட்டா மேடம்" என்றார். "கேட்டீங்களா? பேசிட்டா!"

பெரிய மிஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "என்ன பேசினா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. ஏய் பொண்ணு, சத்தமா சொல்லு. எங்க, இன்னும் சத்தமா."

நீள நாக்குப் பொம்மையின் வாய் டப்பென்று மூடிக்கொண்டது. வாயாடி அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள். அம்மாவுக்குப் பெரிய மிஸ்ஸின் மணிச்சங்கிலியைப் பிடித்து இழுக்க வேண்டும் போல் கை துறுதுறுத்தது. அதைக் கட்டுப்படுத்திக்கொள்ளத்தான் மேசைமேல் கிடந்ததைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தாள்.

அடியில் கிடந்தது அந்தக் கடைசிப் பொம்மை. பெரிய மிஸ்ஸின் பார்வையும் அதில்தான் விழுந்தது. மணி கோத்த கண்ணாடி, கரை போட்ட சேலை. கையில் எடுத்தார். தன்னைத்தான் என்று புரிந்ததும் முகம் கொஞ்சம் இளகிற்று. அதுதான் மனுஷ சுபாவம். எவ்வளவு பெரிய ஆளானாலும் தன் முகத்தைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நிற்கத்தான் செய்கிறார்கள்.

"இது நானா? பரவாயில்லையே" என்றார். அப்புறம் மற்றப் பொம்மைகளைப் பார்த்தார். "மத்த எல்லாத்துக்கும் காது இருக்கு. இதுக்குத் தைக்க மறந்துட்டீங்களா?"

அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சேலைக்குப் பின்னாலிருந்து நீள நாக்கு எட்டிப் பார்த்தது.

"நான் மொத நாளே எம்பேரு சொன்னேன்" என்றது. குரல் முன்னைவிடச் சன்னம். "எல்லாரும் வரிசையில நின்னப்ப. மூணு வாட்டி சொன்னேன். பெரிய மிஸ் கேக்கல, கேக்கலன்னாங்க. அப்பறம் எல்லாரும் சிரிச்சாங்க."

"என்ன? என்ன சொல்றா?" என்று பெரிய மிஸ் குனிந்தார்.

சின்ன மிஸ் எழுந்து நின்று, ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். சத்தமாகவே சொன்னார், நடைவரைக்கும் கேட்டது.

எட்டு மாதம்! ஏன் பேசவில்லை, ஏன் பேசவில்லை என்று தானும் எத்தனை நாள் அதட்டியிருக்கிறோம் என்று அம்மாவுக்கு நினைவு வந்தது. தன்மேலும் கோபம் வந்தது, இந்தச் சேலைமேலும் கண்ணாடிமேலும் வந்தது, 'இந்த மாதிரிக் கொழந்தைங்க' என்று சொன்ன அந்த வாய்மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது. ஆனால் இப்போது கத்தத் தோன்றவில்லை. மீதிப் பொம்மைகளைச் சாக்கில் போட்டுச் சின்ன மிஸ்ஸிடம் நீட்டினாள்.

"திங்கக்கெழம மத்தவங்களுக்குக் குடுத்துருங்க."

"நானே குடுக்கிறேங்க்கா. அவ பேசினத நான் கேட்டேன். நோட்டுல எழுதிக் கையெழுத்தும் போடுறேன். யார் கேட்டாலும் சொல்றேன்" என்றார் சின்ன மிஸ், பெரிய மிஸ்ஸைப் பார்த்துக்கொண்டே.

பெரிய மிஸ் கையிலிருந்த பொம்மையை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவின் பக்கம் நீட்டினார்.

அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. மகளின் சாக்ஸ் மாட்டிய கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"அது ரிட்டன் கெடையாது மேடம், வச்சுக்குங்க" என்றாள். "காது வேணும்னா சொல்லியனுப்புங்க. வீட்ல துணி மிச்சம் இருக்கு."